கடலோரம் குடிபோன செஞ்சிச் சீமையார்

ஜூபிலி மலர் என்றவுடன் ஆலயம் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், திருநாட்களின் நினைவும் நம் மனக்கண் முன் தோன்றும். அவற்றை எழுதத் தக்கவர்கள் பலர் உளர். நாமோ நம் வட்டாரத்தின் வேறொரு வரலாற்றை எழுத முன்வந்துள்ளோம். மேல்சித்தாமூர், வல்லம், செஞ்சி, தீவனூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வீட்டுக்கு ஒருவராவது சென்னையிலோ புதுச்சேரியிலோ குடியிருக்கின்றனர். பிள்ளைக்கு வேலை உத்தரவு வந்த மறுநாளே, "எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? குடும்பத்தோடு இருக்க எந்த இடம் தோது?" என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. பங்குச் சாமியாரிடமும் அதுவே முதற்கேள்வி. வேலை கிடைக்க ஜெபிக்கச் சொன்னவர்கள், கிடைத்தபின் வாடகை வீடு கிடைக்க ஜெபிக்கச் சொல்லுகிறார்கள்.

இது நேற்று முளைத்த கேள்வி அன்று. செஞ்சிச் சீமையிலிருந்து கடலோரத்துக்குக் குடிபோகும் வழக்கத்துக்கு 400 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் நம் ஊரையே பார்ப்போம். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய மலைநாதர் கோயிலும் இவ்வூரின் பழமைக்குச் சான்று. மடம் முற்காலத்தில் காஞ்சிபுரத்தில் இருந்து, பின்னர் இங்கு வந்து நிலைபெற்றது என்பது அவர்களுடைய மரபு. ஜினகாஞ்சி மடம் என்ற பெயரே அதை நினைவூட்டுகிறது. ஆக, இந்த ஊரும் ஒருவகையில் குடிவந்தவர்களின் ஊர்தான். பெருநகரத்தை விட்டு, வயலும் பாறையும் ஏரியும் உள்ள இடத்தை நாடி வந்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைகள் போவது அதற்கு நேர்மாறான திசையில்.

செஞ்சி நாயக்கர் காலத்துக்கு வருவோம். 1597ஆம் ஆண்டில் சேசு சபைப் பார்வையாளரான நிக்கொலாஸ் பிமெந்தா என்ற போர்த்துக்கீசியக் குருவானவர் இவ்வழியே வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சி மிகப் பெரியது என்றும், போர்த்துக்கல்லில் லிஸ்பன் ஒன்று நீங்கலாக இதற்கு இணையான நகரம் இல்லை என்றும் அவர் எழுதி வைத்தார். இன்று ராஜகிரியின் அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கோட்டை 2025ஆம் ஆண்டில் மராட்டியப் படைக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது என்பதும் மெய்தானே.

அதே பிமெந்தா அடிகள் இன்னொரு செய்தியையும் தருகிறார். அப்போது ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் கடலருகே தம் பெயரால் ஒரு புதிய பட்டினம் அமைத்துக்கொண்டிருந்தார். அது வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே, பரங்கிப்பேட்டைப் பக்கம் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுவர். காடாய்க் கிடந்த இடத்தைத் திருத்திக் குடிகளை வரவழைத்தார். நம் திருச்சபைக்கும் அங்கே கோவில் கட்ட இசைவு தந்தார். செஞ்சியை ஆண்ட ஓர் அரசரே குடிகள் வாழக் கடலோரம் ஒரு புறநகர் வகுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மக்கள் ஓரிடத்தில் நிலைத்துத் தங்க வேண்டுமானால் மனையும், பயிரிட நிலமும், வழிபட இடமும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்நாளில் மனைப்பிரிவு போட்டு விற்பவர்களுக்கு முதலாவது மட்டுமே தெரிகிறது.

செஞ்சியின் பெருமை நீடிக்கவில்லை. 1649இல் பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர் என்று கைமாறிக்கொண்டே போயிற்று. போரைவிடக் காய்ச்சல் அதிகம் கெடுத்தது என்று சொல்வாரும் உண்டு. மலைகளுக்கிடையே தேங்கிய நீரும் நோயும் கோட்டைக்குக் கெட்ட பெயரைத் தந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாபுகள் தலைமை இடத்தை ஆர்க்காட்டுக்கு மாற்றிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அரசாங்கம் பெயர்ந்தால் வாணிகம் பெயரும். வாணிகம் பெயர்ந்தால் தறியும் பெயரும்.

பெயர்ந்தவர்களுள் பலருக்குப் புகலிடம் புதுச்சேரி. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே பிரெஞ்சு வாணிகத்துக்குக் கால் ஊன்றினார். 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1699இல் திருப்பித் தருவதற்குள் ஒரு காரியம் செய்தார்கள். நேர்நேரான தெருக்களோடு ஊருக்கு ஒரு படம் வரைந்தார்கள். இன்று சுற்றுலா வருபவர்கள் வியக்கும் அந்தச் சதுரங்கக் கட்டத்துக்கு அடிப்படை 1694ஆம் ஆண்டின் அந்த வரைபடமே. நெசவாளரையும் வணிகரையும் குடிவைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தெரு அகலமாயிருந்தால்தான் பாவு நீட்ட முடியும் என்பது தறிக்காரருக்குத் தெரியும்.

அந்த ஒழுங்கான தெருக்களில் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை இடமும் வாடகையும் மட்டும் முடிவு செய்யவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். தமிழருக்குள்ளும் தொழிலுக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனித் தெருக்கள். வேதனையோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்து முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் மற்றவர்கள் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பிள்ளைகளை வளர்க்க நல்ல இடம் எது என்று கேட்கும்போது தண்ணீரையும் பேருந்தையும் பற்றி மட்டும் பேசி முடித்துவிட நாம் விரும்பாததற்குக் காரணம் இதுவே. வீடு கேட்டுப் போகும் குடும்பத்திடம் இன்றும் சில தெருக்களில் முதலில் கேட்பது பெயரை. அடுத்துக் கேட்பது கறி சமைப்பீர்களா என்பதை. இரண்டுக்கும் உள்ளர்த்தம் ஒன்றே.

மதில் சூழ்ந்த கடற்கரைப் பட்டினம் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. 1740இல் மராட்டியப் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்து நவாப் தோஸ்து அலி போர்க்களத்தில் மாண்டபோது, அவருடைய குடும்பத்தார் ஓடி வந்து அடைக்கலம் புகுந்த இடம் புதுச்சேரி. ஆளுநர் துய்மா கதவைத் திறந்துவிட்டார். அடைக்கலம் தேடி வந்தவர்களை ஒப்படைக்க முடியாது என்று மராட்டியருக்கும் மறுமொழி சொன்னார். நவாபுக் குடும்பமே வந்த வழியில், நாட்டுப்புறத்து எளிய குடிகளும் மூட்டை முடிச்சோடு வந்தனர்.

இருபது ஆண்டு கழித்து அதே மதில் என்ன செய்தது? 1760ஆம் ஆண்டு இறுதியில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தனர். தானியம் குறைந்துபோனது. லல்லி தளபதி ஊரில் எஞ்சியிருந்த தமிழ்க் குடிகளை, ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் 1,400 பேரை, வாயிலுக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலப் படை அவர்களை அப்பால் போகவிடவில்லை. திரும்பி வந்தால் உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே எட்டு நாட்கள் புல்லும் கிழங்கும் தின்று கிடந்தார்கள். பின்னரே வழி விடப்பட்டது. அக்கால வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயரே இதைப் பதிவு செய்துள்ளார். அந்தக் கூட்டத்தில் நம் சீமையிலிருந்து குடிபோனவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. 1761 ஜனவரியில் ஊர் வீழ்ந்தது. பிறகு வீடுகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

சென்னைப் பக்கத்தில் இவ்வளவு கொடுமை நேரவில்லை. அங்கே 1734இல் நெசவாளர்க்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். கூவத்தின் வளைவுக்குள், துணி உலர்த்தத் தோட்டமும் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகக் குடிவைத்தார்கள். அது கடலோரம் அன்றாகையால் அதை இவ்வளவில் விட்டு, நம் காலத்துக்கு வருவோம்.

இந்நாளில் கடலோரப் புறநகர் என்றதும் நம்மவர் வாயில் முதலில் வரும் பெயர் பெசன்ட் நகர். 'வேளாங்கண்ணிக் கோவில் பக்கம்' என்றால் அதற்கு மேல் விலாசம் வேண்டாம். அடையாற்றுக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோட்டத்தை அடுத்து, மணல்மேடும் மரத்தோப்புமாய் இருந்த இடம் அது. சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. அதன் தலைவர் ஆல்காட் 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அதன் வழி வந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லமும், 1954இல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையும் அருகிலேயே. ஆக, நகர் வருமுன்பே பள்ளியும் மருத்துவமனையும் அங்கே வந்துவிட்டன. அந்த நகரின் நல்வாய்ப்பு இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. வீடுகளைக் கட்டி முடித்து, பத்தாண்டு கழித்துப் பள்ளிக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் புறநகர்கள் எத்தனையோ உள.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம், 1970களில் அங்கே மனைகளையும் அடுக்கு வீடுகளையும் அமைத்தது. உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என்று பிரித்தாலும், மூன்றையும் ஒரே நகருக்குள் வைத்தது. எழுத்தரின் மகனும் அதிகாரியின் மகளும் ஒரே விளையாட்டுத் திடலுக்கு வந்தார்கள். மைய அரசு ஊழியர் குடியிருப்பும் சேர்ந்தது. 1972இல் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும், 1976இல் அஷ்டலட்சுமி கோயிலும் கடலைப் பார்த்து எழுந்தன. ஆகஸ்டு 29இல் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்திய பக்தர்கள் சென்னையின் எல்லாப் பக்கமிருந்தும் நடந்து வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், நடந்தும் இருக்கிறோம். அந்த நாட்களில் அங்கே குடியிருப்பவர்கள் வண்டியை எடுக்க முடியாமல் முணுமுணுப்பதும் நமக்குத் தெரியும். திருத்தலத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டுமென்று கேட்பவர்கள் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அன்று எளியவர்க்கும் இடம் வைத்த அந்நகரில் இன்று சொந்த வீடு வாங்குவது நம்மவர்க்கு எட்டாக் கனி. வாடகையும் அப்படியே. ஆகவே பலர் திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே நகர்ந்துகொண்டே போகிறார்கள். போகப் போகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதற்கேள்வி தண்ணீர். தென்சென்னைக் கடலோரத்தில் மணலுக்கடியில் இனிய நீர் உண்டு. மழை பெய்தால் மணல் குடித்துச் சேமித்து வைக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். திருவான்மியூரிலிருந்து தெற்கே அந்த ஊற்றையே நம்பி நீர் எடுத்த காலத்தில்தான் இந்த அபாயம் தெரியவந்து, நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987இல் வந்தது. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2013இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. இருந்தும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் குடங்கள் வரிசையில் நின்றதை உலகமே செய்தியாய்ப் படித்தது. வீட்டுக்காரர் "தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை" என்று சொன்னால், கிணற்றிலோ குழாயிலோ ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். சித்திரை மாதத்தில் லாரி எத்தனை முறை வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. கடலோரம் என்றாலே வெள்ளம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையோ சற்று வேறு. கடலை ஒட்டிய மணல்மேடு உயரமாகவும் நீரை உறிஞ்சுவதாகவும் இருக்கும். அதற்கு மேற்கே, ஆற்றங்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பை நிரப்பிய பகுதிகளிலும்தான் தண்ணீர் தேங்கும். ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கன்று. மேடு எது, தாழ்வு எது, கலங்கல் எங்கே என்று நம் பாட்டனார் நிலம் வாங்குமுன் பார்த்தார்கள். பட்டணத்தில் மட்டும் ஏன் வண்ணப் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கிறோம் என்பது நமக்கு விளங்காத புதிர். ஐப்பசி கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் போய்த் தெருவைப் பார்த்தால் சுவரில் உள்ள கறையே உயரத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, கடல். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிறமாய் நிற்கும் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். 1930ஆம் ஆண்டு டிசம்பரில் நீரில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கித் தம் உயிரை விட்ட கார்ல் ஷ்மித் என்ற டென்மார்க்குக்காரரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அந்தக் கரை அன்றுமுதல் இன்றுவரை குளிக்கத் தகாத கரை. கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய நம் பிள்ளைகள் அந்தத் தைரியத்தில்தான் அலையில் இறங்குகிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை வந்தது. வேளாங்கண்ணியில் நேர்ந்த பேரிழப்பை இந்தப் பக்கங்களில் விரிக்க வேண்டியதில்லை. சென்னையிலும் கரையோரக் குப்பங்களே முதலில் அடிபட்டன.

குப்பங்கள் என்றோம். ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் பெசன்ட் நகருக்கு முந்தியவை. நகருக்கு வந்தவர்களே பின்வந்தவர்கள். மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே மீனை மாலையில் பேரம் பேசி வாங்குபவர்களைப் பார்க்கிறோம். கரைக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் கட்டிடம் எழும்பலாம் என்று 1991இல் மைய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கொண்டுவந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டுக்குள் வரும். 'கடலைப் பார்த்த மனை, கைப்பிடி விலை' என்று துண்டுக் காகிதம் நீட்டுபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த அனுமதியைத்தான்.

இடத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குடிசைகளில் இருந்த குடும்பங்கள் பல, நகரின் தெற்கெல்லையில் உள்ள செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. கூரைக்குப் பதில் கான்கிரீட் கிடைத்தது உண்மை. ஆனால் கடல் எங்கேயோ, வலை எங்கேயோ. பிள்ளைகளின் பள்ளியும் பெண்கள் வேலைக்குப் போன வீடுகளும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 1760இல் மதிலுக்கு வெளியே தள்ளியதோடு இதை ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும், குடியிருக்கப் போகிறவனைக் கேளாமல் குடியிருப்பை முடிவு செய்யும் பழக்கம் நெடுங்காலமாய்த் தொடர்கிறது என்பதைச் சொல்லாமல் விட இயலவில்லை.

நம்மவர் சிலர் சென்னையை விட்டுப் புதுச்சேரிப் பக்கமே மேல் என்கிறார்கள். செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பலாம். பெற்றோர் இங்கே, பிள்ளைகள் அங்கே என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய காரணம் அன்று. சென்னையில் 2023 டிசம்பர் இறுதியில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போனது முதல், திண்டிவனம் வழியாக ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு நகரின் தென்மேற்குப் பக்கம் வசதியாகவும், கடலோரம் சற்றுச் சுற்றாகவும் ஆகிவிட்டது. பொங்கலுக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் கைக்குழந்தையோடு வரும் மருமகள்களைக் கேட்டால் விவரமாய்ச் சொல்லுவார்கள்.

கோவில், பள்ளி, தண்ணீர், மேடு, அண்டை அயல், ஊருக்குத் திரும்பும் வழி என்று எல்லாம் பார்த்து இடம் முடிவாகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பால் காய்ச்சி, வீடு மந்திரித்து, சாமான்களை இறக்கியதும் அந்தப் பங்கின் குருவானவரைப் போய்ப் பார்த்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளின் புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் திருமணத்துக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். அவசரமாக ஊருக்கு ஆள் அனுப்பிப் பழைய பதிவேட்டைப் புரட்டச் சொல்லும் குடும்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. புறப்படுமுன்பே குடும்பத்தில் அனைவருக்கும் சான்றிதழும், பங்குத் தந்தையின் அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பணிமனையில் கேட்டுப் பெறலாம். ஞானஸ்நானம் பெற்ற ஆண்டை மட்டும் தெரிந்துகொண்டு வரவும்.